தொண்டால் உயர்ந்த மீட் ஐயர்

மக்களின் அறியாமையையும் பிணியையும் வறுமையையும் நீக்குதல் அரசின் கடமை ஆகும். ஆயினும் அரசு ஒன்றே தனித்து நின்று அக்கடமையை முற்றும் நிறைவேற்றிய நாடு உலகில் அரிது. அரசிடம் பொருள் உண்டு; ஆணை பிறப்பிக்கும் ஆற்றல் உண்டு. ஆனால் கடைக்கோடிக் குடிசை வரையில் நாள்தோறும் நடந்து செல்லும் கால்கள் அதனிடம் எப்போதும் இருப்பதில்லை. சமயத் தொண்டர்களிடம் அத்தகைய கால்கள் உண்டு, பொருள் போதாது. ஆகவே இவ்விரு திறத்தாரும் கைகோத்து உழைப்பது பழங்காலந்தொட்டு நிகழ்ந்து வருகின்றது. எவ்வாறு கைகோப்பது, எது வரையில் கைகோப்பது என்பதில்தான் இடர்ப்பாடு தோன்றுகிறது. இவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்ற ஒருவரின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்கட்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொங்கலுக்கும் ஓணத்திற்கும் ஊர் செல்லும் நம் குடியிருப்பு மக்கள் திருவனந்தபுரத்தில் நாகர்கோவில் வண்டியில் ஏறி, பாறசாலையும் குழித்துறையும் கடந்ததும் இரணியல் நிலையத்தைக் காண்பர். அதற்கு அண்மையில் உள்ளது நெய்யூர். அவ்வூர் மருத்துவமனையை அறியாத குமரி மாவட்டத்தார் இலர். ஆனால் நெய்யூரைத் தொண்டின் நிலைக்களம் ஆக்கிய மீட் ஐயர் தம் முதுமைக் காலத்தை நாம் வாழும் இந்தத் திருவனந்தபுரத்திலேயே கழித்து, இங்கேயே உயிர் நீத்தார் என்பதை அறிந்தோர் சிலரே. வெளிநாட்டுப் பாதிரிமாரை ஐயர் என்று அழைப்பது தென் திருவிதாங்கூர்த் தமிழரின் வழக்கம். சார்லஸ் மீட் என்னும் ஆங்கிலேயர் அவ்வாறே மீட் ஐயர் ஆனார்.

கடல் கடந்து வந்தவர்

சார்லஸ் மீட் 1792-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். இளமையிலேயே சமயப் பணியில் நாட்டங் கொண்டு இலண்டன் மிஷன் சங்கத்தில் சேர்ந்தார். 1816-இல் அச்சங்கம் அவரை இந்தியாவுக்கு அனுப்பியது. மனைவியுடன் சென்னை வந்து இறங்கிய அவருக்குத் திருவிதாங்கூரில் பணியாற்றுமாறு கட்டளை கிடைத்தது. ஆனால் திருவிதாங்கூரை அடையும் முன்னரே பெருந்துயர் ஒன்று அவரைத் தாக்கியது. கடல் வழியே வருகையில் பினாங்குத் தீவில் அவர் மனைவி காலமானார். தாயை இழந்த சிறு குழந்தையைக் கையில் ஏந்தியவராய், 1818-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மீட் குளச்சலில் கரையிறங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அவருக்கு முன்னரே தென் திருவிதாங்கூரில் அச்சங்கத்தின் பணி தொடங்கியிருந்தது. மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் என்பவரின் அழைப்பை ஏற்று, இரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியர் 1806-இல் வந்து, மயிலாடியை நடுவிடமாகக் கொண்டு சில சபைகளையும் பள்ளிகளையும் ஏற்படுத்தினார். உடல் நலம் குன்றி அவர் 1816-இல் நாட்டை விட்டு அகன்றார். அதன் பின்னர் வேதமாணிக்கமே அவற்றைக் காத்து வந்தார். தலைவரின்றித் தவித்த அப்பணியை ஏற்கவே மீட் வந்தார்.

அந்நாளைய நாடு

அந்நாளில் குமரி முதல் திருவிதாங்கூர் அரசின் ஆட்சி நிலவியது. நாஞ்சில் நாடும் விளவங்கோடும் கல்குளமும் அதனுள் அடங்கியிருந்தன. சிறுவராகிய சுவாதித் திருநாளுக்காக அவருடைய சிற்றன்னை கௌரி பார்வதிபாய் இராணியார் 1815 முதல் 1829 வரை ஆட்சிப் பொறுப்பை வகித்தார். ஆங்கிலக் கம்பெனியாரின் பிரதிநிதியாகிய ரெசிடெண்டு பதவியில் கர்னல் ஜான் மன்றோ இருந்தார். இவர் 1811 முதல் 1814 வரை ரெசிடெண்டாகவும் திவானாகவும் ஒருங்கே பணியாற்றி, ஜில்லா நீதிமன்றங்களை அமைத்தவர். கொல்லத்துக்கு அருகில் உள்ள மன்றோத் தீவு அவர் பெயரால் வழங்குவது.

ஏழை மக்களின் நிலையோ இரங்கத்தக்கது. கூலியின்றி அரசுக்கும் கோயிலுக்கும் செய்ய வேண்டிய ஊழியம் ஒருபுறம். தலைவரி முதலிய வரிகள் ஒருபுறம். புலையர், பறையர் முதலிய வகுப்பினர் நிலத்தோடு சேர்த்து விற்கப்படும் அடிமைகளாக இருந்தனர். நாடார் முதலிய வகுப்புப் பெண்டிர் தோளில் மேலாடை இடுவதும் குற்றமாகக் கருதப்பட்டது. பொதுப் பள்ளி என்பது பெரும்பான்மை மக்களுக்கு எட்டாத ஒன்று.

இத்தகைய நாளில் 1817-ஆம் ஆண்டு கௌரி பார்வதிபாய் இராணியார் ஓர் ஆணை பிறப்பித்தார். மக்களின் கல்விக்கு ஆகும் செலவை அரசே ஏற்க வேண்டும் என்பது அவ்வாணையின் சாரம். இந்திய நாட்டில் கல்வியை அரசின் கடமையாக ஏற்ற மிகப் பழைய ஆணைகளுள் இஃது ஒன்று. ஸ்ரீ பத்மநாப சுவாமியின் தாசராய் ஆண்ட குலத்தைச் சார்ந்த ஒரு பெண்மணி இதனைச் செய்தார் என்பதை நாம் மறத்தல் ஆகாது. ஆணை பிறந்தது. ஆனால் பள்ளி நடத்தப் பயிற்சி பெற்ற ஆசிரியர் எங்கே? அச்சிட்ட பாடநூல் எங்கே? அடுத்த ஆண்டே குளச்சலில் கரையிறங்கிய மீட் ஐயரிடம் அவற்றை உண்டாக்கும் ஊக்கம் இருந்தது, பொருள் இல்லை. அரசும் சமயத் தொண்டரும் ஒருவரையொருவர் நாடுவதற்கு இதனினும் ஏற்ற காலம் வேறு யாது?

பாதிரியாரும் நீதிபதியும்

கர்னல் மன்றோவின் பரிந்துரையால் மீட் ஐயர் நாகர்கோவிலில் தங்குவதற்கு ஒரு மாளிகை கிடைத்தது. மயிலாடியிலிருந்த தலைமையிடம் நாகர்கோவிலுக்கு மாறியது. அத்துடன் நில்லாது, இராணியாரின் அரசு மீட் ஐயரை நாகர்கோவில் நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் நியமித்தது. இருபத்தாறு வயதினரான ஒரு வெளிநாட்டுப் பாதிரியார் காலையில் சபையை நடத்துவார். பகலில் வழக்கு விசாரிப்பார்.

மீட் ஐயர் நேர்மையாகவே நீதி வழங்கினார் என்பது வரலாறு. தொன்றுதொட்டு நீதிமன்ற வாயிலை மிதிக்க அஞ்சிய எளிய மக்கள், தம் குறையைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று உணர்ந்தனர். அதனால் நன்மை விளைந்தது உண்மை. ஆனால் அதனோடு இன்னொன்றும் விளைந்தது. அவ்விரண்டோர் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து கிறிஸ்தவ சபையில் சேர்ந்தனர். அவர்களுள் மெய்யான பற்றினால் வந்தோர் பலர். ஊழியத்தினின்றும் கொடுமையினின்றும் தப்ப எண்ணி வந்தோரும் பலர். நீதிபதியாய் அமர்ந்திருப்பவரின் சமயத்தைச் சார்ந்தால் துணை கிடைக்கும் என்ற எண்ணம் மக்கள் உள்ளத்தில் எழுவது இயற்கையே. மற்றச் சமயத்தார் உள்ளத்தில் ஐயமும் பகைமையும் எழுவதும் அவ்வாறே இயற்கை. நீதிபதி எத்துணை நேர்மையாளராயினும், அவர் கையில் துலாக்கோலும் வேதப் புத்தகமும் ஒருங்கே இருப்பதைக் காண்போர் எதனை நம்புவர்?

இலண்டனிலிருந்த மிஷன் சங்கத் தலைவர்களும் சமயத் தொண்டர் ஒருவர் அரசுப் பதவி வகிப்பது தகாது எனக் கருதினர். அதற்கிணங்கி ஏறத்தாழ ஓராண்டுக்குள் மீட் ஐயர் நீதிபதிப் பதவியைத் துறந்தார். அதிகாரமும் வருமானமும் தந்த பதவியை அவர் விட்டு விலகியது அவர் வாழ்வின் முதற் பெரும் படிப்பினை எனலாம். அரசும் சமயத் தொண்டரும் பணியைப் பகிர்ந்து கொள்ளலாம். அதிகாரத்தைப் பகிர்ந்து கொள்ளலாகாது என்னும் உண்மை அன்றே புலப்பட்டது.

வயல் வளர்த்த பள்ளி

இனி, அதே காலத்தில் நிகழ்ந்த மற்றோர் உதவியைக் காண்போம். நாகர்கோவிலில் அமைந்த கல்வி நிலையத்தின் பொருட்டு இராணியார் ஐயாயிரம் ரூபாய் வழங்கினார். அத்தொகையைக் கொண்டு நெல்வயல்கள் வாங்கப்பட்டன. இதன் பயனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். ரொக்கமாகச் செலவிட்டிருந்தால் சில ஆண்டுகளில் அத்தொகை கரைந்திருக்கும். நாஞ்சில் நாடோ நெல் விளையும் பூமி. கன்னிப்பூ, கும்பப்பூ என ஆண்டுக்கு இருமுறை அறுவடை நிகழும். விளைச்சல் வருமானம் ஆண்டுதோறும் பள்ளிக்கு வந்து சேரும். திவான் மாறினாலும், ரெசிடெண்டு மாறினாலும், அரசின் மனமே மாறினாலும் வயல் விளையத் தவறுவதில்லை. ஒருவர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டாத கொடை அது.

நீதிபதிப் பதவியும் இந்த வயலும் ஒரே அரசு ஒரே காலத்தில் ஒரே மனிதர்க்கு அளித்தவை. முன்னது ஓராண்டில் மறைந்தது. ஐயத்தையும் பகையையும் விட்டுச் சென்றது. பின்னது தலைமுறை தலைமுறையாகக் கல்வி தந்தது. மயிலாடியில் 1809-இல் தோன்றிய சிறு பள்ளியின் வழிவந்த அக்கல்வி நிலையம் 1893-இல் கல்லூரியாக உயர்ந்து, ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி என்னும் பெயரோடு இன்றும் நாகர்கோவிலில் விளங்குகின்றது. எல்லாச் சமயத்தாரும் அதில் பயின்று பட்டம் பெற்று வருகின்றனர். நம் குடியிருப்பிலும் அங்கே பயின்றோர் பலர் உளர் அன்றோ?

1820-இல் மீட் ஐயர் நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தை நிறுவினார். திருவிதாங்கூரில் அமைந்த முதல் அச்சகம் அதுவே. சமய நூல்களோடு பள்ளிப் பாடநூல்களும் தமிழில் அச்சேறின. ஓலைச்சுவடியும் எழுத்தாணியும் வழங்கிய நாட்டில் ஏழைச் சிறுவரின் கையில் அச்சிட்ட தமிழ்ப் புத்தகம் தவழத் தொடங்கியது.

இதற்கிடையே மீட் ஐயர் தஞ்சையில் பணியாற்றிய ஹோர்ஸ்ட் என்னும் பாதிரியாரின் மகள் ஜோஹன்னா அம்மையாரை மணந்தார். கணவரின் பணியில் அம்மையார் சரிபாதி ஏற்றார். பெண்கள் எழுத்தறிதல் இழுக்கு என்று கருதப்பட்ட அந்நாளில் பெண்மக்களைத் திரட்டிக் கல்வியும் கைத்தொழிலும் கற்பித்தார். 1819-இன் இறுதியில் நாகர்கோவில் வந்து சேர்ந்த சார்லஸ் மால்ட் ஐயரின் மனைவி மார்த்தா அம்மையார் பெண்களுக்குப் பின்னல் வேலையைக் கற்பித்தார். நாகர்கோவில் லேஸ் என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற கைத்தொழில் அங்கே பிறந்தது. தம் கையால் ஈட்டிய காசைக் கொண்டு அடிமைத் தளையிலிருந்து தம்மை மீட்டுக் கொண்ட பெண்களும் இருந்தனர்.

சோதனைக் காலம்

பணி விரிந்தமையால் அது கிழக்கு, மேற்கு என இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. மால்ட் ஐயர் நாகர்கோவிலில் தங்கினார். மீட் ஐயர் மேற்குப் பகுதியை ஏற்று, முதலில் மண்டைக்காட்டிலும் பின்னர் 1828 முதல் நெய்யூரிலும் தங்கலானார். அவ்வேளையில்தான் அவர் வாழ்வின் கடுஞ்சோதனை நேர்ந்தது.

தோள்சீலைக் கலகம் என நம் நாட்டார் வழங்கும் நிகழ்ச்சி அது. கிறிஸ்தவராகிய பெண்டிர் குப்பாயம் அணியலாம் என்று மன்றோ காலத்தில் ஆணை பிறந்திருந்தது. பெண்டிரோ அதனோடு அமையாது, உயர்ந்த சாதியார் இடுவது போலத் தோள்மேல் சீலையும் இட்டனர். இதனைப் பொறாத சாதித் தலைவர்கள் சந்தைகளிலும் தெருக்களிலும் அவர்களை அவமதித்தனர், அடித்தனர், ஆடையைக் கிழித்தனர். 1827 முதல் 1829 வரை இக்கொடுமை நீடித்தது. வழிபாட்டு இல்லங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. மீட் ஐயரின் உயிருக்கே ஆபத்து நேர்ந்து, உதயகிரிக் கோட்டையிலிருந்து படைவீரர் துணை வேண்டியதாயிற்று.

1829-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அரசு தன் முடிவை வெளியிட்டது. குப்பாயம் அணியலாம், உயர்சாதியார் போலத் தோள்சீலை இடலாகாது என்பதே அம்முடிவு. கல்விக்கு வயல் தந்த அதே இராணியாரின் பெயரால் இவ்வறிக்கையும் வெளியாயிற்று. இதனை எண்ணுங்கால் உள்ளம் கனக்கிறது. எழுத்தறிவைத் தரலாம், மானத்தைத் தரலாகாது என்று ஓர் அரசு எண்ணுமாயின் அதனை என்னென்பது! ஆயினும் இதில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. எழுத்தறிந்தவர் தம் உரிமையையும் அறிவர். பள்ளியைத் திறந்தவர்கள் அதன் விளைவைப் பின்னர் தடுத்தல் இயலாது. முப்பது ஆண்டுகள் கடந்து, 1859-ஆம் ஆண்டு உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில், மீண்டும் மூண்ட கலகத்திற்குப் பின் நாடார் பெண்டிர் மேலாடை அணியும் உரிமையை அரசு ஒப்புக்கொண்டது.

மீட் ஐயர் கலகத்தைக் கண்டு நெய்யூரை விட்டு ஓடவில்லை. எரிந்த பள்ளிகளை மீண்டும் கட்டினார். அரசின் மீது மனக்கசப்புக் கொண்டு கல்விப் பணியில் அதனோடிருந்த உறவை முறித்துக் கொள்ளவுமில்லை. அரசு தவறிழைத்த இடத்தில் விண்ணப்பம் எழுதினார். நன்மை செய்த இடத்தில் நன்றியோடு ஏற்றார். 1847-இல் அடிமை முறையை ஒழிக்குமாறு மகாராஜாவுக்கு மிஷனரிமார் ஒன்றுகூடி விண்ணப்பம் செய்தனர். அதன் பயனாகவும், ஆங்கில அரசின் தூண்டுதலாலும் 1853-இல் ஓர் அறிக்கையும், 1855-இல் அடிமை முறையை முற்றும் ஒழிக்கும் அறிக்கையும் வெளிவந்தன.

நெய்யூர் மருத்துவமனையின் வித்து

இடையே மீட் ஐயர் தாய்நாடு சென்று 1838-இல் திரும்பியபோது புதிய தொண்டர் சிலர் வந்து சேர்ந்தனர். அவர்களுள் ஆர்ச்சிபால்டு ராம்சே என்பவர் மருத்துவர். நெய்யூரில் அவர் தொடங்கிய சிறு வைத்தியசாலையே அவ்வூர் மருத்துவப் பணியின் வித்து. அப்பணி தடையின்றி வளர்ந்தது என்று கூறுதற்கில்லை. ராம்சே சில ஆண்டுகளில் விலகினார். பின் வந்த லீச் என்னும் மருத்துவர் 1854-இல் கடலில் மூழ்கி இறந்தார். 1861-இல் வந்த ஜான் லோ என்பவர், மருத்துவம் அறிந்த வெளிநாட்டாரை எதிர்பார்த்திருப்பது பயனின்று என உணர்ந்து, 1864-இல் உள்ளூர் இளைஞர்க்கு மருத்துவப் பயிற்சி வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். அவ்விளைஞர்கள் கிளை வைத்தியசாலைகளில் அமர்ந்து தம் மக்களுக்குத் தாமே மருத்துவம் செய்யலாயினர். இருபதாம் நூற்றாண்டில் எவரெஸ்டு மலையேற்றத்தில் இருமுறை பங்கு கொண்ட சோமர்வெல் என்னும் அறுவை மருத்துவர் வந்து நெய்யூரின் புகழை உலகறியச் செய்தார்.

உற்றார் கைவிட, அரசு ஏற்றது

1848-இல் ஜோஹன்னா அம்மையார் இறந்தார். முப்பது ஆண்டுகள் உழைத்துக் களைத்த மீட் ஐயர் தனித்தவரானார். 1850-களின் தொடக்கத்தில் அவர் ஒரு திருமணம் செய்தார். மணமகள் லோயிஸ் என்னும் தமிழ்ப் பெண். உபதேசியார் ஒருவரின் மகள். தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். ஐயரினும் வயதில் மிக இளையவர்.

சாதி வேற்றுமை பாவம் என்று முப்பதாண்டுகள் போதித்த மிஷனரிமார் இத்திருமணத்தை ஏற்கவில்லை. வயது வேற்றுமையைக் கண்டு முகஞ்சுளித்தோரும் இருந்திருப்பர்; அதனை முற்றும் குறை கூறல் இயலாது. ஆயினும் ஓர் ஆங்கிலப் பாதிரியார் இந்நாட்டுப் பெண்ணை, அதிலும் தாழ்த்தப்பட்டோர் குலத்துப் பெண்ணை மணந்தார் என்பதே அவர்களுக்குப் பெருங்குறையாய்த் தோன்றிற்று. மிஷன் சங்கத்தோடு மீட் ஐயருக்கிருந்த தொடர்பு அறுந்தது. தாம் கட்டிய நெய்யூரை, தாம் வளர்த்த சபைகளை, தாம் திறந்த பள்ளிகளை விட்டு, அறுபது வயதில் அவர் வெளியேற வேண்டியதாயிற்று.

இந்நிலையில் அவரை ஏற்றுக் கொண்டது யார்? திருவிதாங்கூர் அரசே! 1855-இல் உத்திரம் திருநாள் மகாராஜாவின் அரசு அவரைத் தன் பள்ளிகளின் மேற்பார்வையாளராக நியமித்தது. அடிமைகளை விடுவித்த அறிக்கை வெளியானதும் அதே ஆண்டில்தான்.

இந்நியமனத்தைப் பழைய நீதிபதிப் பதவியோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். அன்று அவர் பாதிரியாராய் இருந்துகொண்டே அரசுப் பதவி வகித்தார். ஒரு மனிதரில் இரண்டு அதிகாரங்கள் கலந்தன. இப்போதோ அவர் சமய சங்கத்தின் ஊழியர் அல்லர். அரசின் ஊழியர் மட்டுமே. அவர் மேற்பார்வையிட்டவை எந்தச் சபைக்கும் உரியவை அல்ல, அரசின் பள்ளிகள். நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் சமயத் தொண்டராய்க் கற்ற பாடங்கள் அனைத்தும் இப்போது பொதுமக்கள் உடைமையாயின. சமயம் வளர்த்த திறமையை அரசு எல்லார்க்கும் பொதுவாய்ப் பயன்படுத்திக் கொண்டது.

இவ்வழி முற்றிலும் புதியதன்று. சுவாதித் திருநாள் மகாராஜா நாகர்கோவில் கல்வி நிலையத்தின் சிறப்பைக் கேள்வியுற்று, அங்கு ஆசிரியராயிருந்த ஜான் ராபர்ட்ஸ் என்பவரை 1834-இல் திருவனந்தபுரத்துக்கு அழைத்து ஆங்கிலப் பள்ளி தொடங்கச் செய்தார். 1836-இல் அரசு அதனைத் தன் பொறுப்பில் ஏற்று, கட்டணமில்லாப் பள்ளியாக்கியது. பாளையத்தில் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் பல்கலைக்கழகக் கல்லூரி அதன் வழிவந்ததே. பின்னர் 1864-இல் அகஸ்டா பிளாண்ட்ஃபோர்டு என்னும் ஆங்கில அம்மையார் மகாராஜாவின் இசைவோடு கோட்டைக்குள் உயர்குலப் பெண்களுக்கு ஒரு பள்ளி திறந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கக் கன்னியர் நம் ஜெனரல் ஆஸ்பத்திரியில் செவிலியராய் அமர்ந்தனர். நாயகம் அரசினுடையது, உழைப்பு அடியாரினுடையது, பயன் எல்லாச் சமயத்தாருடையது.

மீட் ஐயர் திருவனந்தபுரத்திலேயே தங்கி முதுமை எய்தி, 1873-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் தம் எண்பதாவது வயதில் உயிர் நீத்தார். இருபத்தைந்தாம் வயதில் குளச்சலில் கால்வைத்தவர் இந்நாட்டு மண்ணிலேயே கலந்தார்.

நாம் கொள்ளத்தக்கது

இன்று கேரள நாட்டில் கல்விக்கு அளிக்கப்படும் பெருமையில் ஒரு பெரும்பங்கு அரசுதவி பெறும் பள்ளிகளைச் சாரும். பள்ளியை நடத்துவோர் கிறிஸ்தவ சபையாராகவோ, முஸ்லிம் சமூகத்தாராகவோ, நாயர், ஈழவர் முதலிய சமுதாயத்தாரின் சங்கங்களாகவோ இருப்பர். ஆசிரியர்க்கு ஊதியம் அளிப்பது அரசு. ஆசிரியர் நியமனம் யார் கையில், அரசின் கண்காணிப்பு எது வரையில் என்பன பற்றி 1957-இல் கொணரப்பட்ட கல்வி மசோதாவின்போது எழுந்த பெரும் வழக்கை முதியோர் மறந்திரார். இன்றும் அவ்வழக்கு முற்றும் ஓய்ந்தபாடில்லை. ஓயாததற்குக் காரணம் ஒன்றே. பணியைப் பகிர்ந்து கொள்ள இருதரத்தாரும் விரைந்து வருவர். அதிகாரத்துக்கு எல்லை வகுக்கும்போது இருவரும் தயங்குவர்.

மீட் ஐயரைக் குறையற்றவர் என்று யான் கூற வரவில்லை. அவர் தம் சமயத்தைப் பரப்ப வந்தவர். அதனை ஒருநாளும் அவர் மறைத்ததில்லை. அவர் சமயத்தை ஏற்காதோர் நம்மில் பலர்; யானும் அவருள் ஒருவன். ஆயினும் அவர் திறந்த பள்ளியில் படித்த ஏழைச் சிறுவன் எழுத்தைக் கற்றான். அவர் காலத்தில் முளைத்த வைத்தியசாலையில் நோயாளி மருந்தைப் பெற்றான். எழுத்தும் மருந்தும் எச்சமயத்துக்கும் தனியுரிமை அல்ல.

பிற மாநிலத்தில் குடியேறி வாழும் நம் போன்றோர்க்கு இவ்வரலாறு பெரிதும் பயன்படும். நம் சங்கங்கள் மாலை வகுப்பு நடத்த அரசுப் பள்ளியின் அறையைக் கேட்கின்றன. மருத்துவ முகாம் நடத்தக் கோயில் மண்டபத்தையும் ஆலய வளாகத்தையும் நாடுகின்றன. இரத்ததானத்துக்குப் பள்ளிவாசல் அன்பர்களை அழைக்கின்றன. அவ்வாறு கேட்பதும் பெறுவதும் நன்றே. பெறும்போது வயலைப் போன்ற உதவியைப் பெறுவோம். நாற்காலியைப் போன்ற உதவியைத் தவிர்ப்போம். வாசலில் வரும் பிள்ளையின் சமயத்தையும் மொழியையும் கேளாது இடம் கொடுப்போம். வரவு செலவை எவர் கேட்பினும் காட்டுவோம். நம்மோடு உழைத்தவர் ஒருவரை அவர் குடும்பத்தையோ குலத்தையோ காட்டி ஒதுக்கும் இழிவு நம் அவைகளில் நேராதிருக்கக் காப்போம்.

அடுத்த முறை ஊருக்குச் செல்கையில் வண்டி இரணியலில் நிற்கும்போது, உடன்வரும் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். கைக்குழந்தையோடு குளச்சலில் இறங்கிய அந்த இளைஞரையும், நெல்வயல் தந்த இராணியாரையும், உற்றார் கைவிட்ட முதியவரை அழைத்துப் பள்ளிகளை ஒப்படைத்த மகாராஜாவையும் அவர்கள் ஒருங்கே நினைவிற் கொள்ளட்டும். மூவரும் மூவகையினர், ஆயினும் மூவர் உதவியும் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கே சென்று சேர்ந்தது.

வாழ்க தொண்டு! வளர்க நம் சங்கம்!